பூச்சு எங்கே, பிடிப்பு எங்கே?

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகும் கோலார் தங்க வயலின் சயனைடு மேடுகள், அதாவது சுரங்கக் கழிவு மண் குவியல்கள், அப்படியே நிற்கின்றன. காற்றடி காலத்தில் அவற்றின் தூள் ஊரெங்கும் படிகிறது. நாள்கணக்கில் நிற்கும் காரின் பிரேக் டிஸ்க்கையும் விடுவதில்லை. ஈரம் சேர்ந்தால் வார்ப்பிரும்பாலான டிஸ்க் ஓர் இரவிலேயே துருவேறும். அதற்குப் பயந்து டிஸ்க் முழுவதும் பெயின்ட் அடிக்கச் சொல்பவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: பிரேக் பேட் உரசும் முகத்தைத் தொடாதீர்கள். அங்கே படியும் மெல்லிய துரு நாலைந்து முறை பிரேக் பிடித்தாலே போய்விடும். பெயின்டோ எண்ணெயோ பட்டால் பேட் கெடும், பிடிப்பு குறையும். பூச்சு வேண்டியது நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும்தான். புது டிஸ்க் வாங்கும்போதே துத்தநாக-அலுமினியப் பூச்சுள்ளதைக் கேளுங்கள். உரசும் முகத்தில் இருப்பது தானே தேய்ந்து போகும், மற்ற இடங்களில் நின்று காக்கும். பழையதென்றால் மெக்கானிக்கிடம் கழற்றித் துருவைச் சுரண்டி, அதிக வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். சக்கர ஹப்பில் பொருந்தும் இடத்திலும் வேண்டாம். வண்டி கழுவியதும் சற்றுத் தூரம் ஓட்டி, மெல்ல பிரேக் பிடித்து உலர்த்துங்கள். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்துவிட்டால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது; மாற்றியே ஆக வேண்டும். செலவழிப்பது மினுமினுப்புக்காக அல்ல, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்காக.