வெறும் தரிசல்ல, மான்களின் வீடு

விஜயவாடா நெடுஞ்சாலையில், வனஸ்தலிபுரத்தை அடுத்துள்ளது மகாவீர் ஹரிண வனஸ்தலி. செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுச்சோற்றுடன் போய்வருவதற்கு ஏற்ற இடம். நிஜாம் காலத்தில் வேட்டைக்காடாக இருந்த இப்பகுதி, பகவான் மகாவீரரின் 2,500-வது நிர்வாண ஆண்டையொட்டி 1975-ல் மான்களின் புகலிடமாக்கப்பட்டது. 1994-ல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பளவு சுமார் 14 சதுர கிலோமீட்டர்.

இங்கே முக்கியமாகக் காக்கப்படுவது வெளிமான். முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் உடைய இந்த மானை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுங்குற்றம். அடர்ந்த காடு இதற்கு ஒத்துவராது. புல்லை மேய்ந்து, பகையைத் தூரத்திலேயே கண்டு, ஓடிப் பிழைக்கும் பிராணி இது. ஆகவே திறந்த வெளியே அதன் வீடு.

ஆனால் மரமில்லாத நிலத்தைக் கண்டால் மனிதர் அதைத் தரிசு என்கிறார்கள். விரைவிலேயே மனைக்கட்டு என்கிறார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபவுலியில் நேர்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மானும் மயிலும் திரிந்த 400 ஏக்கரில் 2025 மார்ச் இறுதியில் புல்டோசர்கள் இறங்கின. ஏப்ரல் 3-ந் தேதி உச்ச நீதிமன்றம் தடுப்பதற்குள் சுமார் 100 ஏக்கரில் மரங்கள் வீழ்ந்துவிட்டன. வனஸ்தலிக்கு இருந்த தேசியப் பூங்கா என்ற காப்பு அந்த நிலத்துக்கு இல்லை.

சென்னையிலும் இதே பாடந்தான். கிண்டிக் காட்டிலிருந்து கல்வி நிலையத்துக்கும் நினைவகங்களுக்கும் நிலம் போனபின், 1978-ல் தேசியப் பூங்காவாக மிஞ்சியது 2.7 சதுர கிலோமீட்டரே. நகரம் கேட்டபோதெல்லாம் கொடுத்தால் கடைசியில் கொடுக்க ஒன்றும் இராது.

வனஸ்தலியின் எல்லை ஓர் அடியும் குறையக் கூடாது. மரம் நடுகிறோம் என்று புல்வெளியை மூடுவதும் கூடாது. அது நல்ல எண்ணத்தில் செய்யும் தீங்காகவே முடியும். இவை சர்க்காரின் கடமை.

பார்க்கப் போவோருக்கும் கடமை உண்டு. கட்டுச்சோற்றுக்குப் பின் வீசியெறியும் பிளாஸ்டிக் பை, உப்பு மணத்துக்காக மான் தின்று மாளும் விஷமாகிவிடும். மானுக்குத் தீனி போடுவதையும் விட்டுவிட வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு, இருக்க ஓர் இடம் இல்லாத கஷ்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மானுக்கோ போக வேறு ஊரும் கிடையாது.