பட்டா நம்முடையது, குழாய் அவர்களுடையது



"சார், பட்டா எங்க பேர்ல இருக்கு. கிஸ்தி நாங்க கட்டுறோம். எங்களைக் கேட்காம எப்படி சார் எரிவாயுக் குழாய் போட முடியும்?" தர்மபுரி பக்கம் நிலம் வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

கொச்சியிலிருந்து பெங்களூருக்கு இயற்கை எரிவாயு கொண்டுபோக மத்திய அரசு நிறுவனமான கெயில் போட்ட திட்டம் தமிழ்நாட்டில் 310 கிலோமீட்டர் வருகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டங்கள். விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னார். கெயில் வழக்குப் போட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் தமிழக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இதற்கெல்லாம் அடிப்படை 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம். அது நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை, 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். குழாய் புதைத்த பிறகு முன்போலவே பயிரும் வைக்கலாம். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இதற்கான இழப்பீடு, அறிவிப்பு வந்த தேதியில் அந்த நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம். ஒரே ஒரு முறை. பயிர், மரச் சேதத்துக்குத் தனியாகத் தருவார்கள்.

வகுப்பறைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். நடுவே 20 மீட்டர் அகலப் பட்டை போனால் சுமார் 31 சென்ட் அதற்குள் போய்விடும். சென்ட் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 31 சென்ட்டின் மதிப்பு 6,20,000. கைக்கு வருவது 62,000.

சட்டத்தின் கணக்கில் நிலம் உங்களிடம்தான் இருக்கிறது. நம் கணக்கு வேறு. அரூர் போன்ற வானம் பார்த்த பூமியில் நிலத்தின் விலையே கிணற்றில்தான் இருக்கிறது. கிணறு வெட்ட முடியாது, தென்னையோ மாவோ வைக்க முடியாது என்று தெரிந்தால் மீதி 69 சென்ட்டையும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் வைத்திருந்த ஒரே ஆதாரம்.

எரிவாயு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரத் தொழிற்சாலைக்கும் வீட்டு அடுப்புக்கும் அது வேண்டும். லாரியில் கொண்டுபோவதைவிடக் குழாய் மலிவு. என் கேள்வி, அந்த லாபம் யாருக்கு எப்படிப் போகிறது என்பதுதான்.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் என்று ஒன்று இருக்கிறது. குழாய் வழியே எரிவாயு கொண்டுபோக எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று தீர்மானிப்பது அந்த வாரியம். போட்ட முதலுக்கு வரி போக 12 சதவீத வருவாய் கிடைக்கும்படி அந்தக் கட்டணத்தைக் கணக்கிடுகிறார்கள். முதல் போட்டவருக்கு அது நியாயமே. அந்தக் குழாய் கிடக்கும் நிலமும் ஒரு முதல் அல்லவா? இரும்புக்கு ஆண்டுதோறும் வருவாய், மண்ணுக்கு மட்டும் ஒரு தடவை 10 சதவீதமா?

"சட்டம் அப்படி, மாற்ற முடியாது" என்பார்கள். மின்கம்பியைப் பாருங்கள். உயர் மின்னழுத்தக் கோபுரங்களுக்கு எதிராக நம் மேற்கு மாவட்டங்களில் எவ்வளவு போராட்டம் நடந்தது! அங்கேயும் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்ட அதிகாரம்தான். ஆனால் 2015இல் மத்திய மின்துறை ஒரு வழிகாட்டுதல் போட்டது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதையே 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். இது வழிகாட்டுதல்தான், மாநிலங்கள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும். ஆனாலும் பழைய அளவு போதாது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? மேலே கம்பி போனால் 30, கீழே குழாய் போனால் 10 என்பது என்ன நியாயம்?

கேரளத்தில் எதிர்ப்பு வந்தபின் குழாய்க்கான இழப்பீட்டை உயர்த்தினார்கள். போராடினால் கூடும், போராடாவிட்டால் கூடாது என்றால் அதற்குப் பெயர் உரிமை அல்ல. நீதிமன்றம் சட்டத்தில் இருப்பதைத்தான் சொல்லும். ஆகவே சட்டத்தின் 10ஆம் பிரிவையே திருத்த வேண்டும். 10 சதவீதத்தை உயர்த்தி, கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஆண்டு வாடகையாக நிலக்காரருக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி. வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அதுவரை மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். அரசிதழ் அறிவிப்பு வந்தால் 21 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு உதவாது. குழி தோண்டும் முன் மரம், பயிர், வரப்பு எல்லாவற்றையும் எண்ணி, படம் எடுத்து, அடங்கலோடு வையுங்கள். இழப்பீடு போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகச் சட்டம் வழி தருகிறது.

வக்கீலாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆட்சேப மனுவை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அச்சடித்து ஊர் ஊராகக் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.