அது பாசம் இல்ல, கொலை! ‘அரசியல் விமர்சகர்’ சொன்ன 3 பொய்கள், 3 பதில்கள்

பாளையங்கோட்டையில் 2025 ஜூலை 27 அன்று 27 வயது ஐ.டி. இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பற்றி ஒரு ‘அரசியல் விமர்சகர்’ யூடியூப்ல பேசின வீடியோவ வாட்ஸ்அப் குரூப் குரூப்பா தள்ளிட்டு இருக்காங்க. பேரைப் போட்டு அவருக்கு வியூஸ் ஏத்திக் கொடுக்க நமக்கு விருப்பமில்ல. அந்த வழக்கோட தீர்ப்பை நீதிமன்றம் எழுதும், நாம எழுதப் போறதில்ல. ஆனா அதைச் சாக்கா வச்சு சாதி ஆணவக் கொலைகள் பத்தி அவர் அவிழ்த்துவிட்டதுக்கு, ஏற்கெனவே தீர்ப்பு வந்த வழக்குகளே பதில் சொல்லுது.

❌ பொய் 1: எல்லாம் பெத்த பாசம், திடீர் ஆத்திரம்.

✅ 2015 ஜூன். ஓமலூர் இளைஞர் ஒருத்தர் திருச்செங்கோடு கோயில்ல கூடப் படிச்ச பொண்ணுகிட்ட பேசிட்டு இருந்தார். அவ்ளோதான் அவர் செஞ்ச ‘குற்றம்’. கடத்திட்டுப் போய், தற்கொலை பண்ணிக்கிறேன்னு மிரட்டிப் பேச வச்சு வீடியோ எடுத்து, கொன்னு, ரயில் தண்டவாளத்துல போட்டாங்க. 2022 மார்ச் 8 அன்று மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. முதல் குற்றவாளி யார்? பொண்ணோட அப்பாவா, அண்ணனா? ஒரு சாதி அமைப்போட தலைவர்! இதுல பெத்த பாசம் எங்க சார் வந்துச்சு? திடீர் ஆத்திரத்துல எவனாவது தற்கொலை வீடியோ எடுப்பானா?

❌ பொய் 2: படிக்காம ஊர் சுத்துற பசங்கதான் பொண்ணுங்கள ஏமாத்துறாங்க.

✅ 2003, விருத்தாசலம் பக்கம் காதல் மனைவியோடு சேர்த்து விஷம் ஊத்தி எரிக்கப்பட்டவர் பொறியியல் பட்டதாரி. 2015, ஓமலூர் இளைஞர் பொறியியல் பட்டதாரி. 2016, உடுமலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பட்டப்பகல்ல வெட்டப்பட்டவர் பொறியியல் மாணவர். 2025, பாளையங்கோட்டையில் ஐ.டி. ஊழியர். இதை டைப் பண்ற நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான். படிச்சா சாதி போயிடும்னு சொல்லித்தான் எங்கள காலேஜுக்கு அனுப்பினாங்க. டிகிரி வாங்கினவனையும் வெட்டினாங்க. அப்போ பிரச்சினை படிப்பு இல்ல, சாதிதான்.

❌ பொய் 3: இருக்கிற சட்டமே போதும்.

✅ 2003 கொலைக்குக் கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021-ல். உச்ச நீதிமன்றம் அதை முடிச்சு வச்சது 2025 ஏப்ரல் 28. 22 வருஷம்! அந்த வழக்குல தண்டனை வாங்கினவங்கள்ல ரெண்டு பேர் போலீஸ் அதிகாரிகள்.

2018-ல் சக்தி வாஹினி வழக்குல உச்ச நீதிமன்றம், மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், முடிஞ்சவரை 6 மாசத்துல விசாரணைன்னு வழிகாட்டுதல் கொடுத்தது. இதெல்லாம் சட்டம் வர்ற வரைக்கும்னு அந்தத் தீர்ப்பே சொல்லுது. தனிச்சட்டம் தேவைன்னு 2012-லயே சட்ட ஆணையம் தன்னோட 242-வது அறிக்கையில் பரிந்துரை பண்ணிடுச்சு. தமிழ்நாடு அரசும் 2025 அக்டோபர்ல நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிச்சது. இருக்கிறதே போதும்னா இத்தனை பேர் ஏன் சார் கேக்கணும்?

கொலைகாரனுக்குப் பாசம்னு பட்டம் கொடுக்கிற ஒவ்வொரு பேச்சும், அடுத்து அரிவாள் தூக்கப் போறவனுக்குக் கொடுக்கிற தைரியம்.

தோழர்களே, அந்த வீடியோவுக்குக் கீழ போய் கெட்ட வார்த்தை எழுத வேண்டாம். அந்தப் பொண்ணுங்களோட போட்டோவ யாரும் பகிர வேண்டாம். உங்க குடும்ப குரூப்புக்கு அந்த வீடியோ வந்தா, இந்தப் பதிவ அங்க போடுங்க. பெரியப்பா, சித்தப்பா கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. சாதிய முதல்ல கேள்வி கேக்க வேண்டிய இடம் அதுதான்.

#சாதிஆணவக்கொலைக்குத்_தனிச்சட்டம்