ஆடு தின்னாத இலை

சென்ற வாரம் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பாட்டி கையில் ஒரு பொட்டலத்துடன் வந்தார். மூட்டு வலிக்கென்று யாரோ கொடுத்த மூலிகைச் சூரணமாம். "சாப்பிடலாமா, அப்பா?" என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திராமல், "பச்சிலைதானே! உடம்பை என்ன செய்துவிடப் போகிறது?" என்று தாமே தீர்ப்பும் சொல்லிவிட்டார். நம் வீடுகளில் இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஆயினும் நேயர்கள் முன்னிலையில் அப்பீல் செய்து பார்க்கிறேன்.

ஆடுதின்னாப்பாளை என்ற பூண்டை நேயர்களிற் பலர் அறிந்திருப்பார்கள். கண்டதையெல்லாம் மேயும் ஆடு கூட இதைத் தீண்டாது என்பதனால் வந்த பெயர். ஈசுவரமூலியும் அதே குலத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நமது வைத்தியத்தில் வெகு காலமாய் இடமுண்டு; பிற தேசங்களிலும் இக்குலத்துச் செடிகளை மருந்தாக உண்டு வந்திருக்கிறார்கள். இவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற சத்து இருக்கிறது.

மேற்கு ஜெர்மனியில் இந்த அமிலம் சேர்ந்த மருந்துகள் ஒரு காலத்தில் விற்பனையில் இருந்தன. அதை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 1982-ல் வெளிவந்தது. இத்தகைய சோதனையில் இரு வகை உண்டு. ஒரே வேளையில் மிகுதியாகக் கொடுத்து, பிராணி பிழைக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. தினந்தோறும் அளவாகக் கொடுத்து மாதக் கணக்கில் கவனிப்பது மற்றொன்று. ஒரு கூட்டத்துக்கு ஓர் அளவு, இன்னொன்றுக்கு வேறு அளவு, மூன்றாவதற்கு மருந்தே இல்லை. எடை, இரத்தம் எல்லாவற்றையும் பார்த்து, கடைசியில் உறுப்புக்களை மெல்லிய சீவல்களாக்கிப் பூதக்கண்ணாடியில் வைக்கிறார்கள். கிலோகிராம் எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உண்ட எலிகளின் முன்னிரைப்பையில் புற்று கண்டது. மனிதனுக்கு அந்த உறுப்பே இல்லையே என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் சில எலிகளின் சிறுநீரகத்திலும் மூத்திரப்பையிலும் கூடப் புற்று இருந்தது. அந்த மருந்துகள் அங்கே கடைகளிலிருந்து நீக்கப்பட்டன.

எலியும் ஓர் உயிர்தான். அந்தச் சீவல்களை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. ஆனால் அவ்வுயிர்கள் சொல்லிச் சென்றதைக் காதில் வாங்காமலிருப்பது அதைக்காட்டிலும் பெரிய பாவம் என்பது என் அபிப்பிராயம். காதில் வாங்காததன் பலனைப் பெல்ஜியத்தில் கண்டார்கள்.

பிரஸ்ஸெல்ஸ் நகரில் ஸ்திரீகளின் உடல் இளைப்பதற்காக நடந்த ஒரு சிகிச்சையில், 1990-ல் சீன மூலிகைகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. எழுதிக் கொடுத்தது 'ஹான் ஃபாங் ஜி'. மூட்டையில் வந்ததோ 'குவாங் ஃபாங் ஜி'. பெயரில் ஓர் அசைதான் வித்தியாசம். இரண்டாவது ஆடுதின்னாப்பாளையின் குலம்! உண்டவர்களுக்கு உடனே ஒன்றும் நேரவில்லை. மாதங்கள் சென்றபின் ஒருவர்பின் ஒருவராகச் சிறுநீரகம் பழுதாகி வந்தார்கள்; நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பழுதான சிறுநீரகத்தை அகற்றிப் பரிசோதித்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்ததாக 2000-ல் அறிவித்தார்கள். எலிகள் சொன்ன அதே இடம்!

நமது முன்னோரைக் குறை கூறுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வாந்தி, பேதி, மயக்கம் என்று அன்றைக்கே தெரியும் கேட்டை அவர்கள் நன்றாய் அறிந்திருந்தார்கள். இன்று தின்ற வேர் பத்து வருஷம் கழித்துச் சிறுநீரகத்தில் செய்யும் வேலையை எந்த வைத்தியர்தான் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும்? எலியின் ஆயுள் இரண்டு மூன்று வருஷமே. ஆகையால் அது நமக்கு முன்னதாகவே சொல்லிவிடுகிறது. ஆனால் தான் தின்ற சரக்கைப் பற்றித்தான் அது சொல்லும். ஹான் ஃபாங் ஜியை எத்தனை எலிக்குக் கொடுத்திருந்தாலும், மூட்டையில் இருந்த வேறு வேரைப் பற்றி ஒன்றும் தெரிந்திராது.

இவ்வளவையும் பாட்டி பொறுமையுடன் கேட்டார். "சரி, இதிலே என்ன மூலிகை போட்டிருக்கிறான், படித்துச் சொல்" என்று பொட்டலத்தை நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விலை அச்சிட்டிருந்தது. ஒரு முனிவரின் படமும் இருந்தது. வேறொன்றும் இல்லை.