வெற்றிடமும் காண்போனும்

தைத் திங்களில் அறுவடை முடிந்தபின் நீடாமங்கலத்து வரப்பொன்றில் நிற்போனுக்கு, வயலிற் காணத்தக்கது யாதுமில்லை எனத் தோன்றும். தொலைவிலுள்ள பனையொன்றை நோக்கிச் சிறிது நடப்பானாயின், அவ்வெளியின் அகலம் புலப்படும். பயிர் நின்ற காலத்துப் பயிரையே கண்டவன், இப்பொழுது இடத்தைக் காண்கிறான்.

1966ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்திரே, 120 செங்கற்களை இரண்டடுக்காகத் தரையிற் பரப்பி, அதனையே சிற்பமென்றார். லண்டன் டேட் கலைக்கூடம் 1972இல் அப்படைப்பை வாங்கிற்று. 1976இல் பத்திரிகைகள் அதனை எள்ளி நகையாடின. நம்மூர்க் கொத்தனார் நாள்தோறும் செய்வது இதுவன்றோ என நம்மவரும் வினவுவர். கொத்தனார் அடுக்கிய கல் சுவராய்ப் பயன்படும். இக்கற்களுக்கோ பயனுமில்லை, பீடமுமில்லை, கதையுமில்லை. ஆதலின் காண்போன் அவற்றைச் சுற்றி வருங்கால், தரையையும் தொலைவையும் தன் உயரத்தையுமே உணர்கின்றான்.

இவ்வுணர்வு தமிழர்க்குப் புதிதன்று. நோக்கம் வேறாயினும், தில்லையில் திரை நீங்கியதும் பொன் வில்வமாலை தொங்கும் வெறுவெளியையே அன்பர் வணங்குகின்றனர்.

கிறிஸ்தவராகிய நாமோ, நம் ஆலயங்களின் வெண்சுவர்களைப் பதாகைகளாலும் மின்விளக்குகளாலும் மூடுகின்றோம். அன்பினாற் செய்வதே, ஆயினும் உட்புகுவோன் விளக்குகளை எண்ணுகின்றானேயன்றி, உயர்ந்த கூரையின்கீழ்த் தான் எத்துணைச் சிறியன் என உணர்கின்றிலன். வரும் கிறிஸ்து பிறப்பு விழாவிலேனும் ஒரு சுவரை வெறிதே விட்டுப் பார்ப்போமாக.