டிரைவர் இல்லாத வண்டியில் யாரைக் கூப்பிடுவது?

டாக்ஸி வந்து நிற்கிறது. கதவைத் திறந்தால் டிரைவர் சீட் காலி. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் பகுதியில் 2020 முதலும், சான் ஃபிரான்சிஸ்கோவில் 2024 முதலும் 'வேமோ' டாக்ஸிகளில் பொதுமக்கள் இப்படித்தான் போய் வருகிறார்கள்.

டிரைவர் வண்டியை மட்டுமா ஓட்டுகிறார்? 'நாம புக் பண்ணின வண்டி இதுதானா?' என்றால் தலையாட்டுவார். சடன் பிரேக் போட்டால், 'குறுக்கே ஆள் வந்துட்டாரு' என்பார். 'இங்கேயே நிறுத்துங்க' என்றால் ஓரங்கட்டுவார். அவர் இல்லாதபோது இதையெல்லாம் செய்ய வேறு வழி வேண்டுமே!

வேமோவில் உங்கள் பெயரின் முதலெழுத்துகள் காரின் கூரையில் ஒளிரும். உள்ளே இருக்கும் ஸ்கிரீனில், கார் கவனிக்கும் ஆட்களும் வண்டிகளும் தெரியும். அதனால் அது ஏன் நின்றது என்று புரியும். நடுவழியில் இறங்க ஒரு பட்டன். உதவி கேட்டால் எங்கோ இருக்கும் ஓர் ஊழியர் லைனில் வந்து பேசுவார்.

இது நாமும் நம்முடன் வருபவர்களும் மட்டும் போகிற வண்டி. முன்பின் தெரியாதவர்களும் ஏறினால்?

அதற்காகவே 2020-ல் அறிமுகமானது 'க்ரூஸ் ஆரிஜின்'. ஸ்டீயரிங் கிடையாது. ஆறு பேர் எதிரெதிரே உட்காரலாம். 2024-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வண்டியையே கைவிட்டுவிட்டது. அதற்குக் காரணங்கள் வேறு. ஆனால், கேள்வி அப்படியே நிற்கிறது. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக வருகிறார். எதிர் சீட்டில் ஒருவர் முறைத்துக்கொண்டே இருக்கிறார். பஸ் என்றால் கண்டக்டரைக் கூப்பிடலாம். இங்கே கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்யும். எழுந்து வந்து தட்டிக் கேட்காது.

அதனால் சீட்டுகளுக்கு நடுவே தடுப்பு, உட்கார்ந்தபடியே கை எட்டும் அவசர பட்டன், வெளிச்சமான இடத்தில் மட்டும் நிறுத்தம் எல்லாம் ஆடம்பரமல்ல, அவசியம். பார்வையற்றவருக்கு ஸ்கிரீன் போதாது. நிறுத்தத்தின் பெயரைக் குரலில் சொல்ல வேண்டும். ஸ்மார்ட்போன் பழகாத பெரியவருக்கும் ஒரு வழி வேண்டும்.

இது அமெரிக்காவோடு முடிகிற கதையல்ல. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு வருபவையும் டிரைவர் இல்லாத ரயில்கள்தான். அவை எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்போம், சரி. கூடவே இதையும் கேட்போம்: நம் வீட்டுப் பாட்டி அதில் தனியாக ஏறி, பயமில்லாமல் இறங்கி வர முடியுமா?