பரம்பரை வருத்தம் என்று கைவிடலாமா?

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு நாற்பது வயதில் சலரோகம் என்று தெரியவந்தால், "அப்பாவுக்கும் இருந்தது, பரம்பரை வருத்தம்தானே" என்பதோடு வீட்டில் கதை முடிந்துவிடுகிறது. தட்டில் சோறு குறைவதில்லை. பிள்ளைகளுக்கும் ஒருமுறை சீனி பார்க்கலாம் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. வருத்தத்தைவிட ஆபத்தானது இந்தக் கைவிரிப்பு.

பரம்பரை என்பது எப்படி வேலை செய்கிறது என்று எலிகளை வைத்தே வாழ்நாள் முழுக்கத் தேடியவர் டக்ளஸ் கோல்மன். கனடாவில் பிறந்த அவர், 1958இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்துக்கு ஓரிரு வருட வேலையென்று போனார். 1991இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். பிறவியிலேயே கொழுத்துச் சலரோகம் கொள்ளும் எலியொன்றை ஒரு சாதாரண எலியோடு தைத்து, இரண்டின் இரத்தமும் கலக்கும்படி செய்தார். கொழுத்தது கொழுத்தபடியே இருக்க, சாதாரண எலி சாப்பாட்டைத் தொடாமல் மெலிந்து செத்தது. பசியை அடக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தில் ஓடுகிறது, கொழுத்த எலியின் உடலுக்கு அது உறைப்பதில்லை என்று கோல்மன் முடிவு கட்டினார். பருமன் வாயடக்கம் இல்லாதவர்களின் குற்றம் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994இல் அந்தப் பொருளுக்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தது; பின்னர் அந்தப் பொருளுக்கு லெப்டின் என்று பெயரிட்டது.

லெப்டின் கோளாறு மனிதரிலும் இருந்தது. உறவுக்குள் கலியாணம் செய்த பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பமொன்றில், எட்டு வயதுச் சிறுமி 86 கிலோவும் அவளது இரண்டு வயது மச்சான் 29 கிலோவும் இருந்தார்கள். அவர்கள் உடலில் லெப்டின் சுரக்கவில்லை என்று 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் சிறுமியின் அடங்காப் பசி அடங்கியது.

இது மிக அரிதான வருத்தம். நம் வீடுகளில் உள்ள சலரோகம் ஒற்றை மரபணுவால் வருவதல்ல. நமக்கு மிகவும் வேண்டியது கோல்மனின் இன்னொரு முடிவு. ஒரே மரபணுக் குறையை, நெருங்கிய உறவான இரண்டு எலி வம்சங்களில் வைத்துப் பார்த்தார். ஒரு வம்சத்து எலிகள் கடும் சலரோகத்தால் இளமையிலேயே செத்தன. மற்ற வம்சத்து எலிகள் கொழுத்தாலும், கணையம் ஈடுகொடுத்துச் சீனியை ஓரளவு கட்டுக்குள் வைத்தது. குறை ஒன்றுதான், விதி ஒன்றல்ல.

மனிதருக்கோ வம்சத்தோடு வாழும் இடமும் சேர்கிறது. ஒஸ்லோவில் குடியேறியவர்களிடம் 2002இல் நடந்த சுகாதார ஆய்வில், இலங்கையரிடம் சலரோகம் நோர்வேயரைவிட மிக அதிகமாகக் காணப்பட்டது. அங்குள்ள இலங்கையரில் பெரும்பாலானோர் தமிழர்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் கொக்குவிலிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வேறுவேறு சாப்பாட்டோடும் குளிரோடும் வேலையோடும் வாழும் சமூகம் இது. ஒரே குடும்பத்தில் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று தேட இதைவிட நல்ல களம் கிடைக்காது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் இந்தத் தேடலைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு எலிக்கூடு கட்டக் காத்திருக்கத் தேவையில்லை. கிளினிக் கொப்பியில் ஒரு பக்கத்தைச் சகோதரங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கலாம்: யாருக்குச் சீனி பார்த்தாயிற்று, எந்த வயதில், எவ்வளவு. அடுத்த முறை மருந்தெடுக்க வரும்போது வளர்ந்த பிள்ளைகளில் ஒருவரையாவது கூட்டி வரும்படி தாதி சொல்லி அனுப்பலாம்.